பேர் வெட்டிய சாமான்கள்

அமிர்தவர்ஷினி தானமாகக் கொடுத்த சாமான்களெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வீட்டுக்கே திரும்பிப் போகத் தொடங்கிய வருஷம், எங்கள் கரட்டுப்பட்டியில் மழை நன்றாகப் பெய்தது, வெங்காயம் விலை இறங்கிக் கிடந்தது, பஸ் ஸ்டாண்டுக்குப் புதுக் கூரை போட்டார்கள், மற்றபடி சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

முதலில் போனது ஒரு எவர்சில்வர் குடம். கீழத்தெரு வெள்ளத்தாயி வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருந்த குடம் அது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்குவாரிச் சங்கு ஊதியதும் நிமிர்ந்தது, படியிறங்கியது, அடிப்பக்கம் தரையில் பட்டு டங்கு டங்கென்று சத்தம் வர, ஒன்றுக்கும் அவசரப்படாமல் மேட்டுத்தெரு ஏறி, குவாரி முதலாளி ரத்தினவேல் அண்ணாச்சியின் பங்களா கேட்டைத் தாண்டிப் போய், கார் நிற்கிற இடத்தில் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்த வெள்ளத்தாயி, "போயிருச்சுக்கா, தண்ணி எடுக்குறதுக்கு முன்னாடியே போயிருச்சு" என்றாள், விற்ற எருமை பழைய தொழுவத்துக்குப் போய்விட்டதைச் சொல்கிற மாதிரி. மறுநாள் பதினாறு குடம் போயின. அதற்கு மறுநாள் தையல் மெஷின்கள் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து போயின, போர்வைகள் தரையோடு ஊர்ந்து போயின, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த நோட்டுகள் எழுதிய வீட்டுப்பாடத்தோடு படபடத்துக்கொண்டு கூட்டமாகப் போயின.

அத்தனை சாமானையும் அந்த வீட்டுக்கு விற்றவள் நான். பேச்சியம்மாள். பஜாரில் பாத்திரக் கடை. இன்றைக்குக் கடை, மேலே போர்டு, உள்ளே மின்விசிறி எல்லாம் இருக்கிறது. பதினேழு வயதில் எனக்கு இருந்தது ஒரு கூடை. கூடையில் பாத்திரத்தை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பழைய துணிக்குப் பாத்திரம் என்று கத்தியபடி எட்டு ஊர் நடந்திருக்கிறேன். ஒரு டிபன் பாக்ஸுக்கு நாலு சேலை கேட்பேன், இரண்டு என்பார்கள், நான் கூடையைத் தூக்கித் தலையில் வைப்பேன், கூப்பிடுவார்கள், மூன்று என்பேன். அந்த எட்டு ஊர் வாசலில்தான் மனுஷர்களைப் படித்தேன். நைந்து போன பேண்ட்டைக் கொடுக்கும்போதுகூட அதிலுள்ள பட்டனைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டு கொடுப்பார்கள். கொடுப்பது என்றால் எப்படி என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பங்களாக்காரர்கள் கொடுத்த விதத்தைப் பார்த்தபோது, பட்டனை வெட்டினவர்களெல்லாம் தேவலை என்று எனக்குப் பட்டது.

வர்ஷினிக்கு இருபது வயது. ரத்தினவேல் அண்ணாச்சியின் ஒரே பெண். அழகுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். மாநிலத்துக்கே ஒரு அழகியைப் பொறுக்கி எடுத்துத் தலையில் கிரீடம் வைப்பார்களாம், சென்னையில். பெண் அழகிதான், அதில் நான் பேரம் பேச மாட்டேன். ஆனால் அழகு மட்டும் பற்றாதாம். அவர்கள் அனுப்பிய ஃபாரத்தில் மூன்று கட்டம் இருந்தது: பின்னணி, லட்சியம், சேவை. மூன்றையும் நிரப்பிக் காட்ட ஒரு பயிற்சிக்காரனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். கறுப்புச் சட்டை, காதில் கடுக்கன், வாயைத் திறந்தால் 'சூப்பர்'. முதலில் சேவைக் கட்டத்தை நிரப்ப என் கடைக்கு வந்தார்கள். நூறு குடம், சட்டி, இருபது தையல் மெஷின், போர்வை, நோட்டு, மூன்று சக்கர வண்டி எட்டு என்று ஆர்டர் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் பேர் வெட்ட வேண்டும் என்றார்கள்.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்குக் கொடுக்கிற சொம்பு முதல் சாவுக்கு எடுத்துப் போகிற குத்துவிளக்கு வரை வெட்டாமல் யாரும் கொடுப்பதில்லை. வழக்கமாகச் சொம்பின் கழுத்தோரம் கடுகு மாதிரி எழுத்தில் இருக்கும். பயிற்சிக்காரன் அதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, போட்டோல தெரியணும். பெருசா, நடு வயித்துல போடுங்க" என்றான். அப்படியே போட்டோம். 'அமிர்தவர்ஷினி ரத்தினவேல் அன்பளிப்பு.' துணியாக இருந்தால் பெயிண்ட், இரும்பாக இருந்தால் வெட்டு. குடத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் பேர் தெரிந்தது.

வெட்டியவள் காளீஸ்வரி. என் கடையில் பேர் வெட்டுகிற பெண். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஏழு வயதில் குவாரி ரோட்டில் ஆடு ஓட்டிக்கொண்டு போனபோது, சங்கு ஊதாமலே வெடி வைத்தார்கள். தெறித்து வந்த கல் இடது காலை முட்டிக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. யாருடைய குவாரி என்று சொல்ல வேண்டியதில்லை, எங்கள் ஊருக்கு ஒரே குவாரிதான். பகலில் என் கடை, சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். லோயர் பாஸ் பண்ணிவிட்டாள், ஹையரும் பாஸ் பண்ணினால் சர்க்கார் வேலைக்கு எழுதிப் போடலாம். ஆனால் அந்த இன்ஸ்டிட்யூட்டில் எட்டு மெஷினுக்கு நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மாஸ்டர் கண்டிப்பானவர், மூன்று நாள் வராவிட்டால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். இதுவரை அவள் தம்பி சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அதனால் எட்டு வண்டியில் ஒன்று அவளுக்குக் கிடைத்தபோது, வர்ஷினி மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்புகூட வந்தது.

மேடை போட்டார்கள். ஒரு குடத்தை ஏழு பேர் தொட்டுக்கொண்டு நின்றார்கள். காளி வண்டியில் உட்கார்ந்ததும் பயிற்சிக்காரன், "வர்ஷி, முட்டி போடு, அவங்க கண்ணு லெவலுக்கு வா, உதட்டை மூடிச் சிரி" என்றான். வர்ஷினி முட்டி போட்டாள். பட்டுப் பாவாடையில் மண் படாமல் இருக்கக் கீழே ஒரு துண்டு விரித்திருந்தார்கள். காளிக்குக் கொடுத்த போர்வைதான் அது.

மூன்றாம் நாளே எல்லாம் திரும்பிப் போக ஆரம்பித்தது.

ஏன் போகிறது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. போகிறதென்றால் அதற்குத் தக்கபடி இருந்துகொள்ள வேண்டியதுதான். தையல் மெஷின் வாங்கிய பெண்கள் ஐந்தே முக்காலுக்குத் துணியை உருவிக்கொள்ளப் பழகினார்கள். முதல் வாரம் உருவாமல் விட்ட ஏழு ஜாக்கெட்டுகள் மெஷினோடு போய், பங்களா வேலைக்காரிக்கு நல்ல அளவாக அமைந்தன. காலையில் ஆறு மணிக்குப் பங்களா வாசலில் வரிசை நின்றது, வாட்ச்மேன் டோக்கன் கொடுத்தான், அவரவர் சாமானை அவரவர் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மேட்டுத்தெரு முக்கில் போலீஸ்காரர் ஆறு மணிக்குக் கையைக் காட்டி லாரிகளை நிறுத்தி, குடங்களைக் கடக்கவிட்டார். அடுப்பில் இருந்த சட்டிகள் குழம்போடு போயின; அங்கே போய்ச் சேர்ந்த குழம்பைத் தின்று அண்ணாச்சி வீட்டு நாய் உருண்டு திரண்டது, அண்ணாச்சியே ஒரு நாள் கருவாட்டுக் குழம்பை ருசி பார்த்துவிட்டு யார் வைத்தது என்று விசாரித்ததாகக் கேள்வி. பெண் பார்க்க வந்தவர்கள், "பாத்திரமெல்லாம் தங்குற பாத்திரமா, போற பாத்திரமா?" என்று கேட்டுக்கொண்டார்கள். அம்மன் கோவில் டியூப்லைட்டில் 'உபயம் ரத்தினவேல் குடும்பத்தார்' என்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எழுதி வெளிச்சத்தையே அடைத்து வைத்திருந்தார்கள். அதுவும் ஒரு நாள் கழன்று இறங்கிப் போனது. "இப்பத்தான் அம்மன் முகம் தெரியுது" என்றார் பூசாரி.

காரணத்தைச் சொன்னது காளி ஒருத்திதான். "பேரு எங்க இருக்கோ அங்க போகுதுக்கா. காசு குடுத்து வாங்குனது போகல, பாத்தியா. தானமாக் குடுத்ததுதான் போகுது. அதுலயும் பேரு வெட்டுனது மட்டுந்தான்."

பங்களாவில் வெட்கப்பட்டார்களா என்று கேட்பீர்கள். வெட்கம் என்ன, லாபம் என்று நினைத்தார்கள். இடையிடையே ஒரு நாள் டோக்கன் கொடுக்காமல், திரும்பி வந்த சாமானைத் துடைத்து, வேன் ஏற்றி, பக்கத்து ஊரில் மறுபடி கொடுத்து மறுபடி போட்டோ பிடித்தார்கள். ஆறு மணிக்கு அது தானாக வீடு வந்து சேர்ந்தது, வேன் வாடகைகூட ஒரு பக்கத்துக்குத்தான். ஒரே குடத்தை ஏழு ஊர் வாங்கியது. நூறு குடம் எழுநூறு குடமாகச் சேவைக் கட்டத்தில் ஏறியது. எனக்கும் எரிச்சல், தர்மத்துக்காக என்று சொல்லிக்கொண்டாலும், புது ஆர்டர் வரவில்லை என்கிற எரிச்சலும் அதில் பாதி இருந்தது.

காளியின் வண்டி முதல் தடவை போனபோது அவள் அதில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்டிட்யூட்டுக்கு இரண்டு தெரு இருக்கும்போது சங்கு ஊதியது, வண்டி நின்றது, திரும்பியது. அவள் பிடித்த பிரேக்கை அது மதிக்கவில்லை. மேட்டுத்தெரு ஏற்றத்தில் குடங்களுக்கும் மெஷின்களுக்கும் நடுவே அவளை வைத்து இழுத்துக்கொண்டு போய்க் கார் நிற்கிற இடத்தில் விட்டது. வர்ஷினி வெளியே வந்து பார்த்தாள். பயிற்சிக்காரனும் வந்தான். திரும்பி வந்தவளையாவது விட்டார்களா, "லைட் நல்லாருக்கு வர்ஷி" என்று சொல்லி முட்டி போட வைத்து இன்னொரு போட்டோ எடுத்தான். காளி இறங்கி, உள்ளங்கையை ஊன்றித் தவழ்ந்து வீட்டுக்கு வந்தாள். மறுநாள் பாதி வழியில் குதித்துவிட்டாள், முழங்கைத் தோல் பெயர்ந்தது, அன்றும் வகுப்புக்குப் போகவில்லை. இரண்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் ஒரு நாள்தான் பாக்கி.

முழங்கையைப் பார்த்ததும் நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பங்களாவுக்குப் போனேன். ரத்தினவேல் அண்ணாச்சி ஊஞ்சலில் இருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு வண்டியில மட்டும் பேரை அழிச்சிருங்க."

"பேரை அழிச்சிட்டா யாரு குடுத்தான்னு எப்படிம்மா தெரியும்?"

"அதுல போறவளுக்குத் தெரியும்ல."

"அவளுக்குத் தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நியாயம் கேட்பவர் மாதிரிச் சொன்னார். எனக்கு அந்த ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

அவரே பேச்சை மாற்றினார். "ஏம்மா பேச்சி, நீ ஊரெல்லாம் சுத்துனவ. ஓட்டு வீடா, சுவரு கொஞ்சம் இடிஞ்சாப்புல, விறகடுப்போட ஒண்ணு வேணும். ஒரு காலை நேரத்துக்குப் போதும்."

பின்னணிக் கட்டத்துக்காம். வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். பங்களாவையும் நான்கு காரையும் காட்டினால் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வராது. பாறைகளுக்கு நடுவே ஏழ்மையில் பிறந்து வளர்ந்த பெண் என்று காட்டினால் வரும். சொன்னது பயிற்சிக்காரன். எனக்கு வாயில் எச்சில் ஊறியது, துப்புவதற்கு. ஆனால் துப்பவில்லை. ஏனென்றால் அந்த நொடியில் என் தலையில் பழைய கூடை வந்து உட்கார்ந்துவிட்டது. அவர்களுக்கு ஒன்று வேண்டும், எனக்கு ஒன்று வேண்டும். பழசைக் கொடுத்துப் புதுசை வாங்குவதுதானே என் தொழில்.

"காளீஸ்வரி வீடு இருக்கு. சுவரு இடிஞ்சிருக்கு, அடுப்பு இருக்கு, புகைக்கரிகூட இருக்கு" என்றேன். "வாடகை வேணாம். அவ வண்டி எனக்கு வேணும், பேரில்லாம. அதை நான் அவளுக்குக் குடுத்துக்கிடுதேன்."

"போர்வையும் எடுத்துக்க" என்றார் அண்ணாச்சி. "வண்டி போதும்" என்று எழுந்தேன். பேரம் படிந்துவிட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரம் படிந்த பேரம் இல்லை, அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காளியிடம் பிறகுதான் சொன்னேன்.

"என் வீட்டைக் கேக்காமலே வித்துட்டயாக்கா?"

"விக்கலடி. ஒரு காலைப்பொழுது."

"உனக்கு வியாபாரம்னா சோறு தண்ணி வேணாம்" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது.

மறுநாள் காலையில் வந்தார்கள். வர்ஷினிக்குக் காளியின் பழைய பாவாடையைக் கட்டினார்கள்; நன்றாகத் துவைத்து வைத்திருந்ததால் பயிற்சிக்காரன் அதில் கொஞ்சம் அடுப்புச் சாம்பலைத் தேய்த்தான். காளியின் அம்மா படத்தைக் கழற்றி வெளியே வைத்தார்கள். வர்ஷினி அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஊதினாள், ஊதத் தெரியவில்லை, காளிதான் கேமராவில் விழாமல் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்து ஊதிக் கொடுத்தாள். பிறகு வர்ஷினி கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க ஊர்ல ஒரு தோழிக்குக் கல் தெறிச்சுக் கால் போச்சு. அன்னிக்குத்தான் என் வாழ்க்கை சேவைக்குன்னு முடிவு பண்ணினேன்." கல் எங்கிருந்து தெறித்தது என்று சொல்லவில்லை. மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றாவது தடவையில் சரியான இடத்தில் கண்ணீர் வந்தது. நான் சுவரோரம் நின்று மூன்றையும் பார்த்தேன். அந்த இடத்தைப் பேசி முடித்துக் கொடுத்த வாய் என்னுடையது.

புறப்படும்போது வர்ஷினி என் பக்கத்தில் வந்து முகத்துச் சாம்பலைத் துடைத்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு என்னைப் பிடிக்கலைல."

"பிடிக்கலத்தா."

"எனக்கு இந்த ஊரை விட்டுப் போகணும். அப்பா சாப்பாட்டு மேசையில உக்காந்து வெடிமருந்துக் கணக்குப் பேசுவார். அவ்வளவுதான் என் லட்சியம், போயிரணும். அதை ஃபாரத்துல எழுத முடியாது."

அந்தப் பெண் சொன்னதில் அதுதான் பொய்யில்லாதது. அதற்காக எனக்கு இரக்கம் வரவில்லை. போக வேண்டுமென்றால் போக வேண்டியதுதானே, ஒரு நொண்டிப் பெண்ணின் வண்டிமேல் ஏறித்தான் போக வேண்டுமா என்று கேட்டேன். அவள் கார் ஏறினாள்.

மத்தியானம் வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்து, முதுகுத் தகட்டில் இருந்த பேரைத் தேய்த்து அழித்தோம். தகடு பளபளவென்று வெறுமையாக நின்றது. வேலை முடிந்ததும் நான் காளியிடம் சொன்னேன், "சீட்டுக்கு அடியில நம்ம கடைப் பேரை வெட்டிரு."

பேர் வெட்டுகிற மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வேணாமேக்கா."

"கடுகு மாதிரி போடு. அடியில யாரு பாக்கப்போறா. இவ்வளவு பாடுபட்டு வாங்கிக் குடுத்தது யாருன்னு நாளைக்கு ஒரு அத்தாட்சி வேணாமா?"

வெட்டினாள். சம்பளம் கொடுப்பவள் சொன்னால் வெட்டத்தானே வேண்டும். 'பேச்சியம்மாள் பாத்திரக் கடை அன்பளிப்பு.' அவள் எழுத்து அச்சு மாதிரி இருந்தது.

ஐந்தரைக்குக் கிளம்பினாள். தெரு முக்கு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு நெஞ்சு நிறைந்து வந்தது, பக்கத்துக் கடைக்காரரிடம் ஜாடைமாடையாகச் சொல்லவும் செய்தேன். ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. குடங்கள் போயின, போர்வைகள் போயின. கூட்டம் போய் முடிந்த பிறகு எதிர்த் திசையிலிருந்து ஒரே ஒரு சக்கரச் சத்தம் வந்தது.

வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. காளி அதில் உட்கார்ந்திருந்தாள். கையில் டைப் அடிக்கிற தாள். அழவில்லை.

"உன் பேரு கூப்பிட்டுச்சுக்கா" என்றாள்.

என்னை யாரோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடித்தவளும் நான்தான், ஆளைத் தேடிப் போகவும் வழியில்லை. அழிக்க உட்கார்ந்தால் நேரம் போய்விடும், மாஸ்டர் ஆறரைக்கு வருகைப் பதிவை மூடிவிடுவார். வண்டியைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன், கடைப்படியில் முட்டிக்கொண்டு நகர மறுத்தது. சேலையை இழுத்துச் செருகினேன். "ஏறு" என்று முதுகைக் காட்டினேன். கூடை சுமந்த கழுத்து, ஆனால் கூடை சுமந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. பஜார் வழியாக அவளை முதுகில் போட்டுக்கொண்டு ஓடினேன், ஓட்டமென்று சொல்ல முடியாது, தடதடவென்று ஒரு நடை. மூச்சு வாங்கியது. அவள் பின்னாலிருந்து, "இப்படி மூச்சு வாங்குறவ எட்டு ஊரு எப்படி நடந்தே?" என்றாள். "வாயை மூடுடி" என்றேன். ஒருத்தன் செல்போனைத் தூக்கி எங்களைப் படம் எடுத்தான். நான் நின்று, அவன் செருப்புக்கு ஒரு சாண் தள்ளித் துப்பிவிட்டு மேலே நடந்தேன். இன்ஸ்டிட்யூட் மாடியில். பத்தொன்பது படி. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டைத் திறந்தார்.

அவள் டைப் அடித்த இரண்டு மணி நேரமும் நான் கடையில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு என் பேரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடுகு எழுத்துதான். ஆனால் பங்களாப் பேரைவிட அதிக நேரம் பிடித்தது.

மறுநாள் ஆறு மணிக்குச் சங்கு ஊதியபோது வண்டி இன்ஸ்டிட்யூட் வாசலில் நின்றது. அசையவில்லை. காளியின் பேரை வெட்டிக்கொள்ளச் சொன்னேன். மறுத்துவிட்டாள். "வேலைக்குப் போயிட்டா ஸ்கூட்டி வாங்கிருவேன்க்கா. அப்ப இதை யாருக்காவது குடுக்கணும். எம்பேரு இருந்தா அவளையும் தூக்கிட்டு எங்கிட்ட வந்து நிக்கும்."

வர்ஷினி ஜெயித்தாள். கடைசிக் கேள்வியாக வாழ்க்கை லட்சியம் என்ன என்று கேட்டார்களாம், "என்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுவது" என்றாளாம், அரங்கமே எழுந்து நின்றதாம். கிரீடத்தோடு ஊர்வலம் வந்தாள். கிரீடத்தின் உள்பக்கம் அதைக் கொடுத்த நகைக் கடையின் பேர் வெட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு, குடங்களும் மெஷின்களும் பங்களா கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது, கிரீடம் மட்டும் கூட்டத்துக்கு எதிராக வெளியே வந்து, மேட்டுத்தெரு இறங்கி, சென்னை பஸ்ஸில் ஜன்னலோரமாக ஏறிக்கொண்டது. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. போலீஸ்காரர் வழக்கம்போலக் கையைக் காட்டி லாரியை நிறுத்தினார். அடுத்த பஸ்ஸில் வர்ஷினியும் போனாள், கிரீடத்தைத் தேடித்தான் என்றார்கள். அதற்கப்புறம் ஊருக்கு வரவில்லை. அவள் லட்சியம் நிறைவேறிவிட்டது என்று எனக்கு மட்டும் தெரியும்.

காளி ஹையர் பாஸ் பண்ணிவிட்டாள். வண்டி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, எந்தப் பேரும் இல்லாமல்.

பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்ன அந்த ஜாடைமாடைக்கு அப்புறம் இத்தனை நாளும் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று, ஒரு வெங்காயம் கொடுத்தாலும் பேர் வெட்டிக் கொடுத்தே பழகியவர்களுக்குத்தான் தெரியும். இன்றைக்கு மத்தியானம் உட்கார்ந்து முழுசாக எழுதிவிட்டேன். முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியதை ஒரு வரி கூடுதலாகவே எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தால், இதுவும் அந்த வண்டியில் மறுபடி என் பேரை வெட்டின மாதிரிதான் இருக்கிறது. இப்போது மணி ஐந்து ஐம்பது. கடை வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, சக்கரச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.